எலுமிச்சைத் தோட்டத்தில் பன்னிரண்டு படங்கள்

சோணைமுத்து ஆறு வருடமாக மனிதர்களை அசையவிடாமல் உட்கார வைத்துக்கொண்டிருந்தான். மதுரை ஆரப்பாளையத்தில் ஜலீல் பாயின் ஸ்டுடியோவில் அவனுக்கு வேலை. கல்யாண ஜோடி, பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்கள், முடியிறக்கிச் சந்தனம் பூசிய பிள்ளைகள் என்று யார் வந்தாலும் ஸ்டூலில் உட்கார வைத்து, நாடியைத் தொட்டு முகத்தை நிமிர்த்தி, "ஆடாதீங்க" என்பான். ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது அந்தச் சொல் அவன் வாயில் வந்துவிடும். தூக்கத்தில்கூடச் சொல்வதாக அவன் அம்மா சொல்லுவாள்.

எழுபத்தொன்பதாம் வருடம் வைகாசி மாதம், கல்யாணமாகி இருபதாம் நாள், மறுவீட்டு விருந்துக்காக மனைவி ஒச்சம்மாளுடன் அவள் ஊரான எழுமலைக்குப் பஸ் ஏறினான். அந்த இருபது நாளில் அவள் அவனிடம் பேசியதையெல்லாம் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். மதுரையில் அவர்கள் இருந்தது ஒண்டுக்குடித்தனம். ஒரே அறையில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் சுற்றி இருக்க, ஒச்சம்மாள் எதைக் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவாள். அந்தத் தலையாட்டலில் எது சரி, எது வேண்டாம் என்பதே அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

கிளம்பும்போது ஜலீல் பாய் ஸ்டுடியோவின் யாஷிகா கேமராவைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்திருந்தார்.

"மாமனார் வீட்டுக்குப் போற. இதையும் கொண்டு போ. புது ரோல் போட்டிருக்கேன், பன்னெண்டு படம் வரும். எல்லாரையும் நல்லா எடுத்துட்டு வா."

மாமனார் மலைச்சாமி என்றால் சோணைமுத்துவுக்குப் பயம். ஆறடிக்குக் குறையாத ஆள். காதுவரை போகும் மீசை. அவர் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை என்று கல்யாண வீட்டிலேயே இரண்டு பேர் அவனிடம் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலில் நின்று, கேமராவைச் சுற்றியிருந்த துணியையே பார்த்தார்.

"எங்க வீட்ல இதுவரைக்கும் யாரும் படம் எடுத்ததில்ல மாப்ள. சாயந்தரம் மாட்டக் குளிப்பாட்டி நிறுத்துறேன். எல்லாரும் சேந்து ஒண்ணு எடுத்துருங்க."

"சரிங்க மாமா."

அவ்வளவுதான் பேச்சு. கோழிக்குழம்பும் சோறும் தின்று முடித்ததும் மாமியார் இருளாயி மகளை ஜாடையாகப் பார்த்தாள். "வெறுமனே எதுக்கு உக்காந்திருக்கீக. மாப்ளைக்குத் தோட்டத்தக் காட்டிட்டு வா." கேமராவை வீட்டில் விட்டுப் போக பயந்து சோணைமுத்து அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

தோட்டம் ஊருக்கு மேற்கே, மலை தெரிகிற பக்கம் இருந்தது. சுற்றிலும் காடு கரையெல்லாம் காய்ந்து கிடக்க, கிணற்றுத் தண்ணீரில் எலுமிச்சை மரங்கள் மட்டும் பச்சையாக நின்றன. மரங்கள் பூத்திருந்தன. வரப்பில் ஏறிய சோணைமுத்து அப்படியே நின்றுவிட்டான். மரத்துக்கு மரம், பூவுக்குப் பூ வண்ணத்துப்பூச்சிகள். கறுப்பில் மஞ்சள் பொட்டு வைத்தவை, செங்கல் நிறத்தவை, வெள்ளையில் கறுப்புக் கரை போட்டவை, பெயர் தெரியாத இன்னும் பல. யாரோ ஒரு கூடை நிறையத் துணிக்கடைத் துண்டுகளை அள்ளிக் காற்றில் விட்டதுபோல இருந்தது.

"இத எடுங்க" என்றாள் ஒச்சம்மாள்.

"எத?"

"பட்டாம்பூச்சிய."

"இதெல்லாம் எடுக்க முடியாது. ஒரு எடத்துல நிக்காது."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நகராம இருக்கிறதத்தான் எடுப்பீகளோ?"

அவள் இதுவரை அவனிடம் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. அதில் ஒரு கேலியும் இருந்தது. சோணைமுத்துவுக்குக் காது சூடாகிவிட்டது. கேமராவின் மேல்மூடியைத் திறந்தான்.

அந்தக் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்க்க முடியாது. வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள சதுரக் கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். அதில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அது ஒரு சிக்கலே இல்லை. பூச்சி அப்படியில்லை. அது வலப்பக்கம் பறந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் போகும். இவன் இடப்பக்கம் திரும்புவான். அங்கே வெறும் எலுமிச்சை முள்தான் இருக்கும். திரும்பவும் தேடிப் பிடித்துப் போகஸைத் திருகுவதற்குள் அது அடுத்த மரத்துக்குப் போயிருக்கும்.

"சோத்தாங்கைப் பக்கம்" என்றாள் ஒச்சம்மாள்.

அவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே திரும்பினான்.

"சோத்தாங்கை. அது பீச்சாங்கை."

"எனக்குத் தெரியுது, கண்ணாடில மாறித் தெரியுது."

"எங்க, நானும் பாக்குறேன்." அவள் கிட்டே வந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே தோட்டம் முழுவதும் மினுமினுத்தது. கண்ணாடியில் கிழக்கே போன பூச்சி, தலையைத் தூக்கிப் பார்த்தால் மேற்கே போனது. அவள் இரண்டு தடவை தலையைத் தூக்கித் தாழ்த்திப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "சரி, இனிமே நான் மாத்திச் சொல்றேன். நான் பீச்சாங்கைனு சொன்னா நீங்க யோசிக்காம பீச்சாங்கைப் பக்கம் போங்க."

"அப்ப பூச்சி சோத்தாங்கைப் பக்கம் இருக்குமா?"

"ஆமா. இல்ல. இருங்க, எனக்கே கொழம்புது."

இரண்டு பேரும் அப்படியே ஓட ஆரம்பித்தார்கள். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் போவாள். மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் காட்டுவாள். அவன் குனிந்த தலை நிமிராமல் கண்ணாடியைப் பார்த்தபடியே வருவான். ஒரு தடவை முள்ளில் சட்டை மாட்டிக் கிழிந்தது. இன்னொரு தடவை, "பின்னாடி போங்க, கொஞ்சம் பின்னாடி" என்று அவள் சொல்லச் சொல்லப் பின்னால் போய், வாய்க்காலுக்குள் இடுப்புவரை உட்கார்ந்துவிட்டான். கேமராவை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான்.

அவள் ஓடிவந்து கையை நீட்டினாள். அவன் பிடித்து எழப்போன நேரம், அவன் மூக்குக்கு நேரே இருந்த கோரைப்புல்லில் ஒரு மஞ்சள் பொட்டுப் பூச்சி வந்து உட்கார்ந்தது. சோணைமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவை மெல்ல இறக்கினான். ஆறு வருடப் பழக்கம், அவனை அறியாமலே வாயில் வந்துவிட்டது.

"ஆடாதீங்க."

பூச்சி பறந்துவிட்டது. ஒச்சம்மாளால் நிற்க முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "மரியாதையாச் சொன்னா கேக்காது. வாடா போடானு சொல்லுங்க." சேற்றில் உட்கார்ந்தபடியே அவனும் சிரித்தான். இருபது நாள் ஊமையாக இருந்தவள் இவள்தானா என்று அவனுக்குத் தலை சுற்றியது.

வெயில் சாய்கிற நேரத்துக்குப் பத்துப் படம் எடுத்திருந்தான். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் பக்கவாட்டுக் குமிழைத் திருகி ரோலை அடுத்த எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். அதை அவன் கை தானாகச் செய்துகொண்டிருந்தது.

"ரெண்டு இருக்கு" என்றான். "ஒண்ணு பூச்சிக்கு. கடைசி ஒண்ணு மாமாவுக்கு."

அப்போதுதான் கிணற்றுப் பக்கத்து மரத்தின் இருட்டு நிழலில், ஒரு வெள்ளைப் பூச்சி இறக்கையை முழுசாக விரித்து ஒரே ஒரு கீற்று வெயிலில் உட்கார்ந்தது. அவன் மூன்றடி தூரம்வரை தவழ்ந்தே போனான். கண்ணாடியில் அது அசையாமல் இருந்தது. அழுத்தினான். அழுத்திய அதே நொடியில் ஊர்ப்பக்கமிருந்து இருளாயியின் குரல் வந்தது.

"ஏ ஒச்சம்மா, அப்பா மாட்டப் பிடிச்சுக்கிட்டு எம்புட்டு நேரமா நிக்கிறாரு. வாரீகளா இல்லையா?"

இருவரும் எழுந்து ஓடினார்கள். கையைக் கோத்துக்கொண்டு ஓடுகிறோம் என்பதே ஊர் எல்லை வந்த பிறகுதான் தெரிந்து, சட்டென்று விட்டார்கள்.

மலைச்சாமி வெள்ளை வேட்டி, புதுத் துண்டு, எண்ணெய் தடவிய மீசையோடு இரண்டு காளைகளுக்கும் நடுவில் நின்றார். மருமகனின் சேறு படிந்த வேட்டியையும் கிழிந்த சட்டையையும் ஏற இறங்கப் பார்த்தார். இருளாயி ஒரு பக்கமும் ஒச்சம்மாள் மறுபக்கமும் நின்றார்கள். வழக்கமான சொல் தொண்டைவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் ஒச்சம்மாள் வெடித்துவிடுவாள் என்று தெரிந்து, "அப்படியே நில்லுங்க மாமா" என்றான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மாட்டின் திமிலைப் பார்த்தாள். அழுத்தினான். முடிந்தது.

மதுரைக்குத் திரும்பி இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு ஒச்சம்மாள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். அதற்கு முன் தங்கைகளில் ஒருத்தியைத்தான் அனுப்புவாள். படங்களைக் கழுவுகிற நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாள் என்பது ஜலீல் பாய்க்குப் புரிந்தது. "உள்ள வாம்மா. திரைய இழுத்துவிட்டுக்க, வெளிச்சம் ஆகாது" என்று இருட்டறைக்குள் விட்டார்.

சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு தாளாகத் தட்டில் இருந்த மருந்துத் தண்ணீரில் போட்டான் சோணைமுத்து. முதல் படத்தில் எலுமிச்சை இலை தெளிவாக வந்தது. பூச்சி இல்லை. இரண்டாவதில் அரை இறக்கை. மூன்றாவதில் வானம். நான்காவதில் அவன் கால் கட்டைவிரல். ஐந்தாவதில் ஒச்சம்மாளின் கை எங்கோ எதையோ காட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்று வரும்போதும் அவள் தோள் குலுங்கியது. எட்டாவதில் மட்டும் கறுப்புப் பூச்சி ஒன்று, அதன் ஒவ்வொரு பொட்டும் எண்ணும்படி, ஒரு பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது. ஜலீல் பாய் குனிந்து பார்த்துவிட்டு, "பரவால்லடா" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

"கடைசிக் கட்டம் காலியா இருக்கே" என்றார் பிறகு, நெகட்டிவை விளக்கில் பிடித்து. "பதினொண்ணுலதான் எல்லாம் கெடக்கு."

"எல்லாம்னா?"

பதினோராவது தாள் தட்டில் இறங்கியது. முதலில் மாட்டுக் கொம்புகள் எழுந்தன. பிறகு இருளாயியின் கண்டாங்கிச் சேலை. பிறகு மலைச்சாமியின் வேட்டி, துண்டு, கழுத்து. கழுத்துக்கு மேலே மீசை வர வேண்டிய இடத்தில், ஒரு முறம் அளவு வெள்ளை வண்ணத்துப்பூச்சி ஒன்று, இரண்டு கன்னத்துக்கும் இறக்கை விரித்து ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே அவருடைய இரண்டு கண்கள் மட்டும் கடுகடுவென்று பார்த்தன.

ஓடுகிற அவசரத்தில் குமிழைத் திருக மறந்துவிட்டான். பூச்சி விழுந்த அதே கட்டத்தின் மேலேயே மாமனாரும் விழுந்துவிட்டார்.

"யா அல்லாஹ்" என்றார் ஜலீல் பாய். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒச்சம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சோணைமுத்து மட்டும் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் எடுத்த முதல் படம். அவர் மாட்டைக் குளிப்பாட்டி, மீசைக்கு எண்ணெய் தடவி நின்ற படம்.

"மாமாகிட்ட என்ன சொல்றது?"

"நான் ஊருக்குப் போயிருக்கேன்னு சொல்லு" என்றார் ஜலீல் பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

யோசிக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே மலைச்சாமி ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கி, நேரே ஸ்டுடியோவுக்கு வந்தார். ஒச்சம்மாளும் அங்கேதான் இருந்தாள். இப்போதெல்லாம் தினமும் அவளே தூக்கோடு வந்துகொண்டிருந்தாள்.

"படம் வந்திருச்சா மாப்ள?"

சோணைமுத்து மேஜை இழுப்பறையைத் திறந்தான். படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு ஒரு எட்டுப் பின்னால் நின்றுகொண்டான்.

மலைச்சாமி படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்து நின்று, ஆள் ஏற்றிக் கிளம்பிப் போனது. அவர் இடது கை மெல்ல எழுந்து மீசையைத் தடவியது.

"இது எப்ப வந்து உக்காந்துச்சு?" என்றார். "எனக்குத் தெரியவே இல்லையே."

ஜலீல் பாய் வேகமாக இருட்டறைக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டார்.

"எம்புட்டுப் பெருசு பாத்தியா தாயி" என்று மகளிடம் காட்டினார். "ஒரு பாரமும் தெரியல. ஊர்ல ஒருத்தன் மீசையிலயும் இப்படி உக்காந்திருக்காது." அந்த முகத்தில் அவர் மகள் இதுவரை பார்க்காத ஒன்று வந்திருந்தது. திருவிழாவில் பலூன் கிடைத்த பிள்ளை மாதிரி இருந்தார். இருட்டறையிலிருந்து யாரோ இருமுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

சோணைமுத்து அப்படியே விட்டுவிடத் தயாராக இருந்தான். ஒச்சம்மாளால் முடியவில்லை. அவர் இதை ஊர் முழுக்கக் காட்டுவார். விவரம் தெரிந்தவன் ஒருவன் சிரித்துவிட்டால் பிறகு தலைகாட்ட மாட்டார்.

"அப்பா, அது ஒங்க மேல உக்காரலப்பா." ஒரே கட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்ததை அவளுக்குத் தெரிந்தவரை சொன்னாள். "தப்பு எங்க மேலதான். வெளையாட்டுத்தனமா ஓடித் திரிஞ்சோம்."

மலைச்சாமி படத்தை மறுபடியும் பார்த்தார். கோபப்படுவார் என்று சோணைமுத்து காத்திருந்தான். கோபம் வரவில்லை. முகம்தான் வாடிப் போனது. அதைப் பார்ப்பதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று இருந்தது.

"அப்ப நெசமாவே உக்காராதா?" என்றார்.

"உக்காரும்பா. களை எடுக்கையில என் கையில உக்காந்திருக்கு. வேர்வைல உப்பு இருக்குல்ல, அதக் குடிக்க வரும். ஆடாம இருக்கணும், அம்புட்டுத்தான்."

"வேர்வையா?" மலைச்சாமி நிமிர்ந்தார். "வேர்வைக்கு என்கிட்ட என்ன பஞ்சம். மாப்ள, நாளைக்கு அந்த டப்பாவ எடுத்துக்கிட்டு வாங்க."

திரையை விலக்கிக்கொண்டு ஜலீல் பாய் வெளியே வந்தார். "நாளைக்கு நான் கடையச் சாத்துறேன்" என்றார். "இத நான் நேர்ல பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மலைச்சாமி விடிந்ததிலிருந்து மண்வெட்டி பிடித்து ஒரு பாத்தி முழுவதையும் கொத்தி முடித்திருந்தார். சட்டையில்லாத உடம்பு வேர்வையில் பளபளத்தது. "போதுமா பாருங்க" என்று மருமகனிடம் தோளைக் காட்டினார். பிறகு பூத்த மரத்துக்குப் பக்கத்தில் போய், இரண்டு கையையும் லேசாக விரித்து நின்றுகொண்டார். இருளாயி தலையில் கூடையோடு வந்து பார்த்துவிட்டு, "வேல வெட்டியப் போட்டுட்டு மனுசன் மரமா நிக்கிறதப் பாரு" என்று வரப்பில் உட்கார்ந்தாள். ஆனால் எழுந்து போகவில்லை.

ஒரு பூச்சி வந்தது. ஜலீல் பாயின் தொப்பியில் உட்கார்ந்தது. இன்னொன்று இருளாயியின் கூடையைச் சுற்றியது. இன்னொன்று கேமராவின் மேலேயே உட்கார்ந்து இறக்கையை மூடித் திறந்தது. சோணைமுத்து குறி பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியில் திடீரென்று ஆறு கால்கள் தெரிந்தன.

"மாப்ள, வருதா?" மலைச்சாமி உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"சுத்திக்கிட்டு இருக்கு மாமா."

"அந்த வெள்ளையா?"

"பேசாதீங்கப்பா."

அரைமணி நேரம் ஆனது. அவர் கண் இமையைக்கூடக் கொட்டவில்லை. ஆறு வருடத்தில் சோணைமுத்து படம் எடுத்த யாரும் அப்படி நின்றதில்லை. வேர்வை நெற்றியிலிருந்து இறங்கி மீசை நுனியில் துளியாக நின்றது.

கடைசியில் வந்தது வெள்ளை இல்லை. புல்லுக்குள்ளிருந்து எழுந்த ஒரு சாம்பல் நிறப் பூச்சி, சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். பெரியவை எல்லாம் பூவைத் தேடிப் போக, இது மட்டும் அவர் முழங்கால், இடுப்பு, தோள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மேலே ஏறி, மீசையின் வலப்பக்க நுனியில் உட்கார்ந்தது. நூல் போன்ற குழலை நீட்டி உதட்டோரத்து வேர்வையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

மலைச்சாமியின் வயிறு ஒரு தடவை துள்ளியது.

"அப்பா, ஆடாதீங்க" என்றாள் ஒச்சம்மாள் மெதுவாக.

"கூசுது தாயி."

வயிறு மறுபடியும் துள்ளியது. தோள் குலுங்கியது. மீசை குலுங்கியது. பூச்சி போகவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்ததுபோல அதுவும் சேர்ந்து குலுங்கியது. அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு வாய் திறந்தது. ஹிஹி என்று சின்னப் பெண்பிள்ளையின் சிரிப்பு, அந்த ஆறடி உடம்பிலிருந்து வந்து தோட்டம் முழுக்கக் கேட்டது. கிணற்று மேட்டில் நின்ற காளை திரும்பிப் பார்த்தது.

ஜலீல் பாய் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஒச்சம்மாள் கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கேமரா ஆடியது. கண்ணாடிக்குள் மாமனார், மீசை, மரம், பூ எல்லாம் இடமும் வலமுமாக மிதந்தன. சோணைமுத்துவுக்கும் கண் மறைத்தது. அழுத்தினான். திருகினான். அழுத்தினான்.

"எடுத்தாச்சா மாப்ள?" சிரிப்புக்கு நடுவில் அவர் திணறினார்.

நாலு படம் எடுத்தாகிவிட்டது. "இன்னும் இல்ல மாமா" என்றான். "அப்படியே நில்லுங்க."

இருளாயி கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு எழுந்து கிட்டே வந்தாள். தன் புருசனின் வாயைக் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசமாச்சு" என்றாள். "இந்தாளுக்குக் கடவாய்ல ஒரு பல்லு இல்லைங்கிறதே இன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது."